வெளியே போக வழியிருந்தால்தான் உள்ளே இடம்: நடுத்தர நகரங்களில் வீடற்றோருக்கான வேலை

காப்பகம் நடத்துபவர்

காப்பகம் நிரம்பிவிட்டது என்றதும் எல்லா ஊரிலும் முதலில் எழும் குரல் "இன்னும் 40 கட்டில் போடுங்கள்" என்பதுதான். போடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 60 கட்டில் இருக்கிறது, வருபவர் சராசரியாக 30 நாளில் வீடு கிடைத்துப் போய்விடுகிறார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 730 பேருக்கு அந்த இடம் பயன்படும். வாடகை வீடு கிடைக்காமல் அதே ஆள் 90 நாள் தங்க வேண்டி வந்தால் 243 பேருக்குத்தான் பயன்படும். ஒரு கட்டிலும் குறையவில்லை, ஆனால் 487 பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அந்த 40 கட்டிலையும் சேர்த்துப் போட்டால்கூட 405-தான் வருகிறது. அதற்கு 140 சதுர மீட்டர் தரையும் இரண்டு கழிப்பறையும் வேறு தேவை. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது பேரிடர் முகாம்களுக்கு ஸ்பியர் என்ற சர்வதேச நிவாரணக் கையேடு வைத்திருக்கும் கீழ்மட்டம். நிரந்தரக் காப்பகம் அதற்கும் கீழே போனால் என்ன சொல்வது.

அதனால் பதிவேட்டில் வாரம் மூன்று எண் போதும்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், போனவர்கள் எத்தனை நாள் இருந்தார்கள். பெரும்பாலான பதிவேடுகள் கெடுவது "வெளியேறினார்" என்ற ஒற்றைச் சொல்லில். எங்கே போனார்? சொந்த வாடகை வீடா, உறவினர் வீடா, மருத்துவமனையா, சிறையா, மறுபடி தெருவா? அதற்கென ஒரு கட்டம் போட்டு, ஆள் கிளம்பும் அன்றே நிரப்ப வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பினால் பாதிக்கு மேல் "தெரியவில்லை" என்றே வரும்.

இரவுக் கணக்கெடுப்பு செய்பவர்

முதலில் யாரை எண்ணுகிறோம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பயன்படும் ஈதோஸ் வகைப்பாடு நான்காகப் பிரிக்கிறது: கூரையே இல்லாதவர், கூரை இருந்தும் வீடு இல்லாதவர், எப்போது வெளியேற்றப்படுவோமோ என்ற நிலையில் இருப்பவர், குடியிருக்கத் தகாத இடத்தில் இருப்பவர். தெருக் கணக்கில் சிக்குவது முதல் வகை மட்டும். நண்பர் வீட்டு நாற்காலியில் தூங்குபவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். நடுத்தர நகரத்தில் இவர்கள்தான் அதிகம். அதனாலேயே "நம்ம ஊரில் அப்படி யாரும் இல்லையே" என்று சொல்ல முடிகிறது.

ஒரே இரவில் முடிக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, நடந்தே மூன்று மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவுக்குப் பகுதி. ரயில்வே மேம்பாலத்தின் அடி இரு குழுக்களின் எல்லையில் விழுந்தால் இருவரும் எண்ணுவார்கள், அல்லது இருவரும் விட்டுவிடுவார்கள். எல்லைக்கோடு ஆட்கள் படுக்கும் இடத்தின் நடுவே போகாதபடி வரைபடம் போடுங்கள். முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது, போர்வையை விலக்கக் கூடாது, எழுப்பக் கூடாது. வண்டிக்குள் ஆள் இருப்பது தெரிய மூன்று அடையாளம்: கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்கும், ஜன்னலில் துணியோ அட்டையோ செருகியிருக்கும், இரவிலும் முன்கண்ணாடியில் வெயில் மறைப்பு இருக்கும்.

பெண்கள் இரவில் திறந்த இடத்தில் படுப்பது குறைவு. நடந்துகொண்டே இருந்துவிட்டு, பகலில் பேருந்திலோ நூலகத்திலோ மருத்துவமனைக் காத்திருப்பறையிலோ கண்ணயர்வார்கள். இரவுக் கணக்கு மட்டும் எடுத்துவிட்டு "பெண்கள் மிகக் குறைவு" என்று அறிக்கை எழுதுவது வழக்கமான பிழை. மறுநாள் பகலில் இந்த மூன்று இடங்களையும் ஒரு சுற்று பாருங்கள்.

அமெரிக்காவில் ஜனவரியின் கடைசி 10 நாளுக்குள் ஓர் இரவு இப்படி எண்ணுகிறார்கள். அது ஒரு புகைப்படம் மாதிரி, அதை வைத்து ஆட்களுக்கு வீடு தேடித் தர முடியாது. வேலைக்கு ஆவது பெயர்ப் பட்டியல்: ஒவ்வொருவரும் ஒரு வரி, ஒப்புதலோடு, மாதாமாதம் புதுப்பித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்ட், கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்து மெடிசின் ஹாட் ஆகிய இரண்டும் பெருநகரங்கள் அல்ல. நீண்டகால வீடின்மையை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியது அப்படிப்பட்ட பட்டியலைக் கையில் வைத்துத்தான். மெடிசின் ஹாட் 2021-ல் அந்த நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டபோது வைத்த அளவுகோல், நீண்டகாலமாக வீடற்றிருப்போர் மூன்று பேருக்கு மேல் போகாமல் தொடர்ந்து மூன்று மாதம் நீடிப்பது.

வாடகை வீடு பிடித்துத் தருபவர்

பட்டியல் இருக்கட்டும் சார், வீடு எங்கே என்பதுதான் என் பக்கத்துக் கேள்வி. நடைமுறையை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை மாறினால்தான் காரியம் கெடுகிறது.

முதலில் காகிதம். அடையாள அட்டைக்கு முகவரி கேட்பார்கள், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள், ஒப்பந்தத்துக்கு அடையாள அட்டை கேட்பார்கள். இந்தச் சக்கரத்தை உடைக்கக் காப்பகத்தின் முகவரிச் சான்றுக் கடிதம் வேண்டும். ஆள் வந்து சேர்ந்த முதல் நாளே விண்ணப்பம் போய்விட வேண்டும். அட்டை வந்ததும் அலுவலக அலமாரியில் ஒரு நகல், ஆளிடம் ஒரு நகல், முடிந்தால் அசலையும் அலமாரியில் வையுங்கள். பை திருட்டுப் போவதும், நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று மூட்டையோடு அள்ளிப்போவதும் அடிக்கடி நடக்கிற விஷயம். ஒவ்வொரு முறையும் ஆறு வார வேலை பூஜ்யத்துக்குத் திரும்பும்.

இரண்டாவது, பழைய பாக்கி. வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே, அவர் பெயரில் பழைய மின் கட்டணம் நிலுவை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வீடு அமைந்து, முன்பணம் கட்டி, சாவி வாங்கின பிறகு இணைப்பு தர மாட்டோம் என்றால் இருட்டு வீட்டில்தான் குடியேற வேண்டும்.

மூன்றாவது, ஓனர். அவர் "இல்லை" என்பதற்குப் பின்னால் மூன்று பயம் இருக்கும். வாடகை நிற்குமோ, வீடு சேதமாகுமோ, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்களோ. மூன்றுக்கும் சேர்த்து ஒரு நல்ல பேச்சு பேசினால் எடுபடாது, தனித்தனியாகப் பதில் வேண்டும். வாடகையின் ஒரு பகுதி அமைப்பிலிருந்து நேராக அவர் கணக்குக்குப் போகும். சேதத்துக்குத் தனி நிதி, இவ்வளவு வரை என்று எழுத்தில், குடியேறும் அன்று ஒவ்வொரு அறைக்கும் நாலு மூலையும் படம் பிடித்து இரு தரப்பும் கையெழுத்திட்டது. மூன்றாவது பயத்துக்கு ஒரே மருந்து, இரவு 10 மணிக்கும் எடுக்கப்படும் ஒரு ஃபோன் எண். எடுக்காத எண்ணைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கோட்டை விடும் இடம் எது தெரியுமா, முதல் மாத வாடகை. ஓனர் 1-ந் தேதி சாவி தருகிறார், அலுவலகக் கோப்பு நகர்ந்து 25-ந் தேதி பணம் போகிறது. பெருநகரத்தில் ஓர் ஓனரை இழப்பீர்கள். நடுத்தர நகரத்தில் வாடகைக்கு விடுபவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், சாயங்காலத்துக்குள் சேதி எட்டுத் தெருவுக்கும் போய்விடும். முதல் இரண்டு மாதத்துக்கு மட்டுமாவது கோப்புக்குக் காத்திராமல் தரக்கூடிய ஒரு சுழல்நிதியைத் தனியே வைத்துவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

வாடகை உதவிக்காக வீட்டைச் சோதிக்க அதிகாரி வருவதற்கு முன் நீங்கள் ஒருமுறை போங்கள். பெரும்பாலும் சின்ன விஷயத்துக்குத்தான் தள்ளுபடி ஆகும்: தாழ்ப்பாள் விழவில்லை, ஜன்னல் சாத்தவில்லை, சுவிட்ச் போர்டில் மூடி இல்லை, தொட்டிக் குழாய் கசிகிறது. ஒரு திருப்புளி, நாலு திருகு, ஒரு வாஷர், அரைமணி நேர வேலை. தள்ளுபடியானால் மறுசோதனைக்கு மூன்று வாரம், அதற்குள் ஓனர் வேறு ஆளுக்கு விட்டிருப்பார்.

கல்லூரி இருக்கும் நகரமானால், கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் ஒற்றை அறை ஒன்றுகூட மிஞ்சாது. அதற்கு முன்பே பிடித்து, காலியாக இருக்கும் நாள்களுக்குப் பாதி வாடகை கொடுத்தாவது வைத்துக்கொள்வது லாபம். அமெரிக்காவில் வாடகையில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் வாடகை உதவிச் சீட்டு கையில் வந்தபின் வீடு தேட முதல் தவணையாகக் குறைந்தது 60 நாள் தருகிறார்கள். காலி வீடே இல்லாத ஊரில் சீட்டு காலாவதியாகித் திரும்பிப் போகிறது. சீட்டு இருந்தும் வீடில்லை.

மேலே உள்ளதைப் படித்த ஒருவர்

குடியை நிறுத்தி, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ஆறு மாதம் நல்லபடியாக இருந்து காட்டினால் வீடு தரலாம் என்ற பழைய முறையில் என்ன தவறு?

களப்பணியில் இருப்பவர்

தவறு என்னவென்றால் அந்த ஆறு மாதத்தை நடைபாதையில் இருந்துகொண்டு காட்டச் சொல்கிறோம். 1992-ல் நியூயார்க்கில் பாத்வேஸ் டு ஹவுசிங் என்ற அமைப்பு அதைத் தலைகீழாக்கியது: முதலில் வீடு, மற்றது பிறகு. கனடா இதை 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், சுமார் 2,000 பேரிடம், குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தது. ஐந்தில் ஒன்று மாங்டன், சிறிய நகரம். கடைசி ஆறு மாதமும் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள், முதலில் வீடு பெற்ற குழுவில் 62 விழுக்காடு, வழக்கமான சேவை பெற்ற குழுவில் 31 விழுக்காடு.

ஆனால் ஒன்று. இந்த 62-ஐச் சொல்பவர்கள் வரவுசெலவுத் திட்டம் போடும்போது அதன் பின்னால் இருந்த ஆட்களை மறந்துவிடுகிறார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குப் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கில் குழு இருந்தது. ஒருவர் தலையில் 40 பேரைக் கட்டிவிட்டு "முதலில் வீடு" என்ற அதே பெயரைப் பலகையில் எழுதினால் அந்த முடிவு வராது. பிறகு முறையே தோற்றது என்பார்கள்.

கட்டடப் பொறியாளர்

வாகன நிறுத்த விதியைப் பாருங்கள் என்பேன் நான். ஒரு கார் நிற்கவும், திரும்பிப் போகவும் சேர்த்து ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். தனி ஆளுக்கான ஒற்றை அறை வீடும் குளியலறையோடு அதே 300 சதுர அடிதான். வீட்டுக்கு ஒரு கார் இடம் என்ற விதி உள்ள ஊரில், கார் வாங்கவே முடியாதவருக்காகக் கட்டும் கட்டடத்தில் பாதி மனை காருக்குப் போகிறது. வீட்டின் குறைந்தபட்ச அளவு விதி ஒற்றை அறையைக் கட்டவே விடாது. இந்த இரண்டு விதியையும் திருத்துவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் திருத்துவதில்லை.

பழைய கட்டடத்தை மாற்றலாமே என்பார்கள். ஹெல்சின்கியில் 250 படுக்கை கொண்ட ஒரு காப்பகத்தை 81 தனி வீடுகளாக மாற்றினார்கள், ஆனால் எல்லாக் கட்டடமும் அப்படி வளையாது. விடுதி எளிது, ஏனென்றால் அறைக்கு அறை குழாய் ஏற்கெனவே இருக்கிறது. அலுவலகக் கட்டடத்தில் கழிவுநீர்க் குழாய் நடுவில் ஓரிடத்தில் மட்டும் இருக்கும், ஜன்னல் சுவரிலிருந்து உள்ளே போகப்போக வெளிச்சம் இருக்காது. இடம் பார்க்கப் போகும்போது முதலில் அந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்.

இன்னொரு ஓட்டை, கெடு. சலுகை பெற்றுக் கட்டிய குறைந்த வாடகை வீடுகள் நிரந்தரமாக அப்படியே இருப்பதில்லை. அமெரிக்க வரிச்சலுகைத் திட்டத்தில் கெடு பொதுவாக 30 ஆண்டு. 1990-களில் கட்டியவற்றுக்கு அது இப்போது முடிந்துகொண்டிருக்கிறது. புதிதாக 50 வீடு திறந்து வைக்கும் அதே ஆண்டில் சத்தமில்லாமல் 80 வீடு சந்தை வாடகைக்குப் போய்விடக்கூடும். எந்தக் கட்டடம் எந்த ஆண்டு கெடு முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

சுகாதாரப் பணியாளர்

யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன்: மூட்டைப்பூச்சியும் சொறியும். பிடித்துக் கொடுத்த வீட்டை ஓனர் திரும்பக் கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மூட்டைப்பூச்சிக்குச் சூடுதான். துணிகளைச் சூடான உலர்த்தியில் அரைமணி நேரம் ஓடவிட்டால் முட்டையும் சாகும். ஆள் குளிக்கும் நேரத்தில் மூட்டை முழுவதும் உலர்த்திக்குள் போய்விட வேண்டும். பையைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டுப் பிறகு துவைப்பது வீண். மரக்கட்டில் வேண்டாம், இரும்புக் கட்டிலைச் சுவரைத் தொடாமல் போடுங்கள். உணவின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும் பூச்சி அது, அறையைப் பூட்டி வைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

சொறிக்கு 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு, கழுத்திலிருந்து கால் விரல் இடுக்கு வரை, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி. ஒரே அறையில் படுப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள் என்றால் மருத்துவரைக் கேட்ட பிறகுதான். சொறிப் பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும், அதைத் "திரும்ப வந்துவிட்டது" என்று நினைத்து மூன்றாம் நான்காம் முறை பூசித் தோலைப் புண்ணாக்குகிறார்கள்.

காப்பகம் நடத்துபவர்

குடியேறிய பிறகு என்ன என்பதையும் எழுதி முடித்துவிடுகிறேன். முதல் இரவுக்கு மெத்தை, போர்வை, பல்பு, வாளி, சோப்பு, திரைச்சீலை ஆகிய ஆறும் சாவியோடு சேர்ந்தே போக வேண்டும். திரைச்சீலையைச் சேர்த்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தெருவில் வருடக்கணக்கில் எல்லோர் கண்ணிலும் பட்டு இருந்தவருக்கு, திறந்த ஜன்னலுள்ள அறையில் தூக்கம் வராது. பலர் முதல் சில வாரம் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கதவோரம் தரையில் படுப்பார்கள், விளக்கை அணைக்க மாட்டார்கள். அதைக் குறையாக எழுதி வைக்க வேண்டியதில்லை, மின் கட்டணத்தில் மட்டும் கொஞ்சம் கூடும்.

மறுநாள் ஒரு முறை, பிறகு அந்த வாரமே இன்னொரு முறை, பிறகு வாரம் ஒன்று என்று போய்ப் பாருங்கள். வீடு கைவிட்டுப் போவது பெரும்பாலும் முதல் வாரத்தில் இல்லை, மூன்றாம் மாதவாக்கில். புதுமை தீர்ந்து தனிமை ஏறும் நேரம் அது. பழைய சகாக்கள் நாலு பேர் வந்து தங்க, பக்கத்து வீட்டுப் புகார் தொடங்கும். "யாரையும் சேர்க்காதே" என்றால் கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது. அவருக்கு இருக்கும் உறவு அவ்வளவுதான். எத்தனை பேர், எத்தனை மணி வரை என்று அவரையே முடிவு செய்யச் சொல்லி, அதை வாசலில் வந்து சொல்லும் ஆளாக நீங்கள் இருங்கள். "பணியாளர் வந்து பார்ப்பார்" என்று அவர் சகாக்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

சாவி கட்டாயம் இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று அவர் பெயர் எழுதிய உறையில் ஒட்டி அலுவலகத்தில். தொலைந்தால் பூட்டை உடைப்பார், உடைத்தால் சேத நிதியிலிருந்து போகும், அதை ஓனர் குறித்து வைத்துக்கொள்வார்.