ராயல் ஆர்ச் எடுக்கலாமா? மூத்த சகோதரர்கள் வழிகாட்டவும்

சகோதரர்களுக்கு வணக்கம். பாம்பன்தான் ஊர், மதுரையில் ஃப்ரீமேசன் லாட்ஜில் (சங்கக் கிளையில்) உறுப்பினர். போன வருடம் மூன்றாம் டிகிரி (படிநிலை) முடித்து மாஸ்டர் மேசன் ஆனேன். இப்போது அதற்கு அடுத்ததான ராயல் ஆர்ச் சேரச் சொல்கிறார்கள்.

இங்கிலாந்து முறையில் 1813-இல் இரண்டு கிராண்ட் லாட்ஜ்கள் இணைந்த ஒப்பந்தப்படி அது மூன்று டிகிரிகளில் அடங்கியது, தனி டிகிரி இல்லை. ஸ்காட்லாந்து முறையிலோ முதலில் மார்க் என்ற இன்னொரு டிகிரி எடுத்தாக வேண்டும். 1961-இல் உருவான நம் இந்திய கிராண்ட் லாட்ஜில் இருப்பவர்கள் நடைமுறையில் எப்படிப் போகிறீர்கள்? மார்க்கை முதலில் முடித்தால் சடங்கு நன்றாகப் புரியும் என்கிறார் ஒருவர். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் இரண்டுக்கும் தனித்தனிச் சந்தா, தனி ஏப்ரன் (சடங்கில் இடுப்பில் கட்டுவது). மீன் வியாபாரத்தில் தடைக்கால மாதங்களில் கை இறுக்கம், தெரிந்ததுதானே.

சடங்கின் உள்விவரம் எதுவும் இங்கே எழுத வேண்டாம். சேப்டர் (ராயல் ஆர்ச் கிளை) கூட்டம் வருடத்தில் எத்தனை முறை, இரவு விருந்து முடிய எத்தனை மணி ஆகும், பழைய ஏப்ரன், சாஷ் (தோள்பட்டைத் துணி) யாரிடமாவது கிடைக்குமா, இவ்வளவுதான் கேள்வி. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபின் ரயில் வருகிறது, இருந்தாலும் இரவில் மதுரையிலிருந்து திரும்புவது பெரும்பாடு. ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் யாராவது கூட்டத்துக்குப் போய்வந்தால் சொல்லுங்கள், ஒரே காரில் போகலாம். பெட்ரோலைப் பகிர்ந்துகொள்கிறேன்.