கேரக்டர் கஸ்டமைசேஷன்: ஒரே சொல் போதாதுங்க

வணக்கம்,

வீடியோ கேம்ல நம்ம பாத்திரத்த நாமே உருவாக்கி மாத்திக்குற "கேரக்டர் கஸ்டமைசேஷன்"க்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்ங்குற பேச்சுல, "தனிப்பயனாக்கம்"னே வச்சிடலாம், எல்லா மென்பொருள்லயும் அதானே இருக்குன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. போன்ல வால்பேப்பர் மாத்துறதுக்கு, கீபோர்டு செட்டிங்குக்கு அது சரி. ஆர்பிஜில (ஒரு பாத்திரமாவே மாறி ஆடுற கேம்ல) நடக்குறது வேற, ஒரு ஆளையே உண்டாக்குறோம்.

பால்டர்ஸ் கேட் 3ங்குற ஆர்பிஜிய எடுத்துக்குங்க, 2023ல வந்தது. ஆரம்பத்துல 11 இனம் (ரேஸ்: மனிதர், எல்ஃப் மாதிரி), 12 கிளாஸ் (போர்வீரர், மந்திரவாதி மாதிரி ஆளோட வகை), அப்புறம் முடி, தழும்பு, பச்சை குத்துறது, கொம்பு வரைக்கும் எல்லாம் ஒரே இடத்துல தேர்ந்தெடுக்குறோம், ஆனா ஆட்டத்துக்குள்ள போனதும் அது மூணா பிரிஞ்சிடுது. முகம் பிடிக்கலயா, முகாம்ல இருக்குற மாயக்கண்ணாடில மாத்திக்கலாம், காசு கிடையாது (கேமுக்கு வந்த மூணாவது பேட்ச்ல, அதாவது அப்டேட்ல, சேர்த்த வசதி). கிளாஸும் திறன் புள்ளியும் மாத்தணும்னா அதே முகாம்ல இருக்குற விதர்ஸ்ங்குற பாத்திரத்துகிட்ட 100 தங்கக்காசு குடுக்கணும். இனத்த மட்டும் கடைசி வரைக்கும் மாத்தவே முடியாது. கேமே இப்படிப் பிரிச்சு வச்சிருக்கும்போது நாம எல்லாத்தையும் ஒரு சொல்லுக்குள்ள திணிச்சா, விளக்கம் எழுதுறப்போ எதைச் சொல்றோம்னே படிக்கிறவங்களுக்குப் புரியாது.

அதனால முழு வேலைக்கும் "பாத்திரப் படைப்பு". இலக்கியத் திறனாய்வுல இருக்குற சொல்தான், எழுத்தாளர் செய்றதை இங்க ஆடுறவரே செய்றார், அவ்ளோதான். தோற்றத்துக்கு "ஒப்பனை". கூத்துல அரிதாரம் பூசுறதுலேர்ந்து நமக்குப் பழகின சொல், கண்ணாடியோட அழகா ஒட்டுது.

பில்டுக்கு, அதாவது கிளாஸையும் திறன் புள்ளியையும் எப்படிச் சேர்த்து வைக்கிறோம்ங்குறதுக்கு, "அமைப்பு"ன்னு ஒருத்தர் சொன்னார், அது செட்டிங், சங்கம், சிஸ்டம்னு எல்லாத்துக்கும் போய்க்கிட்டிருக்கு. நான் "வார்ப்பு"ம்பேன். பாருங்க, கையில இருக்குறது 27 புள்ளிதான், ஆறு திறனும் 8ல ஆரம்பிக்குது, 13 வரைக்கும் ஏத்துற ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி செலவு, 14க்கும் 15க்கும் ரெண்டு ரெண்டு. வலிமைல கொட்டினா அறிவுல கை வைக்கணும். அளந்து குடுத்த உலோகத்த அச்சுல ஊத்துற மாதிரிதான் இது. விதர்ஸ்கிட்ட போய் திரும்ப மாத்திக்குற ரீஸ்பெக்குக்கு "மறுவார்ப்பு"ன்னு தானா வந்துடுது, உருக்கித் திரும்ப வார்க்குறது.

ரேஸுக்கு "குலம்" வேண்டவே வேண்டாம், அந்தச் சொல் நம்ம ஊர்ல எங்க கொண்டுபோய் விடும்னு எல்லாருக்கும் தெரியும். இந்த கேமோட விதிகளுக்கு மூலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்குற மேசை விளையாட்டுக்காரங்களே 2024 விதிப்புத்தகத்துல ரேஸை எடுத்துட்டு ஸ்பீஷீஸ்னு போட்டுட்டாங்க, "இனம்" ரெண்டுக்கும் பொருந்தும்.

கிளாஸ்தான் இன்னும் இடிக்குது. "வகுப்பு"ன்னா பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வருது. "தொழில்" பரவால்ல, ஃபைட்டருக்கும் பார்டுக்கும் (பாணன்னே சொல்லலாம், அதுக்கு மேல பொருத்தமா ஒண்ணு கிடைக்காது) நல்லாவே ஒத்துவருது, படிச்சு மந்திரம் கத்துக்குற விசார்டுக்கும் சரி. ஆனா சார்சரருக்கு மந்திரம் ரத்தத்துலயே இருக்குறது, அதைப் போய் தொழில்னு எப்படிச் சொல்றது? இதுக்கு யாருக்காவது வேற தோணினா எழுதுங்க. மத்ததுல மறுப்பு இல்லன்னா விக்சனரில ஏத்திடலாம்.