சுவிட்ச் பாக்ஸுக்கு மேலே ஷெல்ஃப் மாட்டலாமா?

வணக்கம். வயரிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

வாடகை வீட்டுச் சமையலறையில் மசாலா டப்பாக்கள் வைக்க இரண்டடி நீள ஷெல்ஃப் மாட்ட வேண்டும். வீட்டம்மா காட்டும் இடம், மிக்ஸி சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே ஒன்றரை அடி உயரத்தில்! வேறு சுவரே இல்லையாம்.

வயரிங் முழுக்கச் சுவருக்குள் புதைத்தது. வயர் போகும் பைப் பெரும்பாலும் சீலிங்கிலிருந்து பாக்ஸுக்கு நேராகத்தான் இறங்கும் என்பது தெரியும். ஆனால் பைப்பை மிச்சம் பிடிக்கக் கோணலாக இழுத்திருந்தால்? போன வீட்டில் காலண்டர் மாட்டத் துளை போட்டபோது ‘படக்’கென்று ஒரு பொறி, வீடே இருட்டு. வெளியே எடுத்துப் பார்த்தால் டிரில் பிட் நுனியில் கறுப்பாக ஒரு பள்ளம். கையில் ஷாக் அடிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

இந்தமுறை 6 மி.மீ. பிட்டில், 35 மி.மீ. ஆழத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறேன். பூச்சுக்கு அடியிலேயே பைப் இருந்தால் அதுவும் உதவாதே.

சுவருக்குள் வயரைக் காட்டும் டிடெக்டர் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? பிவிசி பைப்புக்குள் இருக்கும் வயரைச் சரியாகக் காட்டுகிறதா, இல்லை சுவர் முழுக்கக் கத்துகிறதா? மெயினை அணைத்துவிட்டுத் துளைக்கலாம் என்றால் டிரில்லுக்குக் கரண்ட் வேண்டுமே, பேட்டரி டிரில் இந்தக் கான்கிரீட் சுவருக்குத் தாங்குமா? சரி, துளையே வேண்டாம், பசை டேப் போதும் என்றால் நாலைந்து கிலோ எடையை அது தாங்குமா, அதையும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்டியாக வேண்டும். டப்பாக்கள் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கின்றன.