புதுப்பிப்பு: அழுகையே வராத மனச்சோர்வு

மனச்சோர்வு அழுகையாக மட்டும் வராது, எரிச்சலாகவும் காரணம் பிடிபடாத முதுகுவலியாகவும் வரும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "வேலை அலுப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றுதான் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

அலுப்பு ஓய்வெடுத்தால் குறையும். ஞாயிறு முழுக்கப் படுத்து எழுந்தும், பிடித்த பாட்டைப் பாதியில் நிறுத்தத் தோன்றினால் கவனியுங்கள். விடியுமுன்பே விழிப்பு வந்து, காலையில் மனம் பாரமாகி, மாலையில் சற்று லேசாவதைப் பலர் சொல்வதே இல்லை. மருத்துவருக்கு அது முக்கியமான தடயம். அப்புறம் சின்ன முடிவுகள்: இட்லியா தோசையா என்பதற்கே திணறுவது, வாட்ஸ்அப் செய்தியைத் திறந்து பதில் போடாமலே மூடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று நம்மையே திட்டிக்கொள்வதால்தான் சிகிச்சை தள்ளிப்போகிறது.

மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டறிய உதவும் பிஎச்க்யூ-9 (PHQ-9) கேள்வித்தாளில் கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பாருங்கள். 10க்குக் கீழே இருந்தாலும் அன்றாட வேலை தடுமாறினால் போகலாம். 9ஆவது கேள்வி சாவு, தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதில் 1 வந்தாலே மொத்தத்தைப் பார்க்காதீர்கள், அன்றே யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும், தமிழிலும், இலவசம்.

தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பரிசோதனை தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். இவை குறைந்தாலும் இதே மந்தம் வரும்.