சொந்த ஆய்வைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்கலாமா? – அனுபவப் பகிர்வு

கல்மேடு
விக்கிப்பீடியாவில் ஒரு கோயில் கட்டுரை. "முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919" என்று ஒரு வரி. வெளியான சான்று இல்லை, சேர்த்தவர் சுவரைப் பார்த்துத் தானே வாசித்தது, அதாவது சொந்த ஆய்வு. சுவரில் இருப்பது "கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு ௰௨" மட்டும், அதாவது பரகேசரி என்ற அரசனின் 12ஆம் ஆட்சியாண்டு. அரசன் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி கிடையாது, பராந்தகனைக் காட்டும் "மதுரை கொண்ட" என்ற அடையும் கிடையாது. சோழர் பரகேசரி, இராசகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். உத்தம சோழனும் பரகேசரிதான். அவன் 12ஆம் ஆண்டு என்றால் 982 பக்கம் வரும். அறுபது ஆண்டுக்கு மேல் பிசகு!

உறுத்துவது இதுதான்: கட்டுரையைப் பார்த்துக் கோயில் வாசலில் பலகை வைத்தார்கள், பலகையைப் பார்த்து நாளிதழில் செய்தி வந்தது, இப்போது அந்தச் செய்தியே கட்டுரைக்குச் சான்றாக நிற்கிறது.

ஆவணப்பெட்டி
இதன் மறுபக்கமும் இருக்கிறது. சிகாகோ ஹேமார்க்கெட் குண்டுவெடிப்பு, 1886 மே 4. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குண்டோடு தொடர்புபடுத்த அரசுத் தரப்பு ஆதாரமே தரவில்லை என்று ஆங்கில விக்கிப்பீடியா சொன்னது. வரலாற்றுப் பேராசிரியர் திமோதி மெஸ்ஸர்-குரூஸ் வழக்கின் சாட்சியப் பதிவுகளையே படித்தவர். 2009இல் திருத்தினார், மற்ற பயனர்கள் உடனே பழையபடி மீளமைத்தார்கள். 2011இல் அவர் புத்தகமே வந்தது. அப்போதும், பெரும்பான்மை நூல்கள் வேறு சொல்கின்றன என்றார்கள். 2012இல் அவர் இதழில் எழுதி ஊரறிந்த பிறகுதான் நிலைமை மாறியது. நீதிமன்றப் பதிவைப் படித்தவனை விட, படிக்காமல் எழுதிய பத்துப் பேர் பெரியவர்களா?

மேற்கோள்_தேவை
@ஆவணப்பெட்டி, இரண்டு விதிகளைக் குழப்புகிறீர்கள். புத்தகம் வந்த பிறகு அங்கே நடந்தது எந்தக் கருத்துக்கு எவ்வளவு இடம் என்ற சண்டை. சொந்த ஆய்வு விதி நீதிமன்றப் பதிவு போன்ற முதல்நிலை ஆவணத்தைத் தடுக்கவில்லை. "இத்தனை சாட்சிகள் பேசினார்கள்" என்று பதிவில் உள்ளபடி எழுதலாம். "ஆகவே தீர்ப்பு நியாயம்" என்று நீங்களே முடிச்சுப் போடக்கூடாது.

டப்பாகளி
அச்சில் வராதது என்ன ஆவது? 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை ஆதரவில் வாய்மொழிச் சான்று முயற்சி நடந்தது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வடக்கு சோத்தோ ஆகிய மூன்று மொழிகளிலும் ஊர்க்காரர்கள் பேசுவதைப் பதிந்து, ஒலிக்கோப்பை விக்கிமீடியா பொதுவகத்தில் (படம், ஒலி சேமிக்கும் தளம்) ஏற்றி, அதையே அடிக்குறிப்பில் வைத்தார்கள். கேரளப் பிள்ளைகள் விளையாடும் டப்பா களிக்கு அச்சுச் சான்று எங்கே தேடுவது? கொள்கை கடைசிவரை மாறவில்லை. இந்த ஒன்றை நான் மன்னிக்கவே மாட்டேன்.

மைப்படி
டப்பா களியில் ஊருக்கு ஊர் விதி மாறும், எத்தனை பேர் சொன்னால் போதும் என்று யாரும் வரையறுக்கவில்லை. அதை விடுங்கள். கல்வெட்டுக்கு வருகிறேன். வாசித்ததை நேரே கட்டுரையில் போடாதீர்கள். முதலில் மைப்படி எடுங்கள், அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் பதிவு செய்யுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்குங்கள். தண்ணீர் விட்டு நார்த் தூரிகையால் பாசியை எடுக்கணும், கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கணும். ஈரம் வடிந்ததும் மை ஒற்றணும். அவசரப்பட்டால் மை ஊறிப் பரவிவிடும். சரியாக வந்தால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் நிற்கும். எழுத்தில் மாவோ சுண்ணக்கட்டியோ தடவிப் படம் எடுப்பவர்கள் தங்கள் வாசிப்பைத்தான் படம் எடுக்கிறார்கள். இரவில் பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே போதும், பள்ளத்தில் நிழல் விழும்.

பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துப் புள்ளி அநேகமாக இருக்காது, ஒகர ஓகார வேறுபாடு இல்லை, ரகரமும் காலும் (ா) ஒரே கோடு. அதனால்தான் இரண்டாவது கண் வேணும். வாசகத்தைத் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழுக்கு அனுப்புங்கள். வந்தபின் இதழைச் சான்று காட்டுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் ஏற்கனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அதில் சுருக்கம்தான், முழு வாசகம் இருக்காது. படத்தைப் பொதுவகத்தில் ஏற்ற எந்தத் தடையும் இல்லை.

@கல்மேடு, ஒன்று கேட்கணும். ௰௨க்கு முன்னால் கல் சிதைந்திருக்கிறதா? அங்கே இன்னொரு ௨ இருந்திருந்தால் அது 22. உத்தம சோழன் அவ்வளவு காலம் ஆளவே இல்லை.

கல்மேடு
"யாண்டு" முடிந்ததும் ஓர் எழுத்து அகலத்துக்குப் பொரிந்துதான் இருக்கிறது. கட்டுரையில் "பரகேசரிப் பட்டம் கொண்ட சோழ அரசன் ஒருவனின் கல்வெட்டு, ஆட்சியாண்டு எண் சிதைந்துள்ளது" என்று மாற்றி, சுவர்ப் படத்தையும் சேர்த்தேன். அதுவும் சொந்த ஆய்வு என்று ஒருவர் பேச்சுப் பக்கத்தில் கேட்டிருக்கிறார். சக ஆண்டு இருந்திருந்தால் 78 கூட்டிப் போட்டிருக்கலாம், அது வெறும் கணக்கு என்று விட்டுவிடுவார்கள். பொரிந்த இடத்தைப் பார்த்துச் சொல்வது எதில் சேரும்?