பேப்பர் இல்லாத ராஜபாளையம் குட்டிகள் ஏழு: என்ன விலை சொல்வது, யாரிடம் கொடுப்பது?

கேள்வி: சாத்தூர்ப் பொண்ணு

அப்பா தோட்டக் காவலுக்கு வளர்க்கும் ராஜபாளையம் பெட்டை வெள்ளச்சி ஏழு குட்டி போட்டிருக்கிறாள். பெட்டை நான்கு, கடுவன் மூன்று. இன்றைக்கு 33 நாள். தகப்பன் அடுத்த ஊரிலிருக்கும் ராஜபாளையம்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டுக்கும் கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) கொடுக்கிற பேப்பர் கிடையாது.

நேற்று ஒரு வியாபாரி வந்தார். கடுவன் மூன்றையும் இப்பவே எடுத்துக்கொள்கிறேன், தலைக்கு 4,000 தருகிறேன், பெட்டை வேண்டாம் என்றார். பெட்டைகளை என்ன செய்வது என்று அப்பா கேட்டதற்கு, "கண்மாய்க் கரையில் விட்டுருங்க, எல்லாரும் அதத்தான் செய்றாங்க" என்று பதில் வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான்தான் முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

பேப்பர் இல்லாத குட்டிக்கு நியாயமான விலை எது? பெட்டைகளுக்கு எப்படி வீடு தேடுவது? இன்னொரு கவலையும் இருக்கிறது. கஞ்சித் தட்டை வைக்கிற சத்தம் கேட்டதும் ஆறு குட்டிகள் ஓடி வருகின்றன. ஒரு பெட்டை மட்டும் மற்றவை மிதித்த பிறகுதான் கண் விழிக்கிறாள். சோம்பேறிக் குட்டி என்கிறார் அம்மா. வேறு ஏதாவது நோயாக இருக்குமா?

பதில்: கரிசல்காடு

தங்கச்சி, விலை இருக்கட்டும், முதலில் அந்தக் குட்டியின் காதைப் பார். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அரிதானதல்ல. உடம்பை வெள்ளையாக்குகிற மரபுக்கூறு சில குட்டிகளுக்கு உள்காதிலும் நிறமி செல்களை இல்லாமல் செய்துவிடும். அவை இல்லாவிட்டால் கேட்கும் செல்கள் பிறந்த சில வாரத்திலேயே மடிந்துவிடும்.

மற்ற ஆறையும் வெளியே எடுத்துவிட்டு அவளைத் தனியே தூங்கவிடு. தரையைத் தட்டாதே, அதிர்வு தெரிந்துவிடும். பக்கத்தில் கை தட்டினாலும் காற்று படும். பின்னால் நாலைந்து அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கு. காது மடல் அசைகிறதா என்று மட்டும் பார். வேறு வேறு நேரத்தில் நாலைந்து முறை செய்தால்தான் நம்பலாம்.

அப்புறம், ஏழு குட்டிக்குப் பால் கொடுக்கிறவள் வெள்ளச்சி. அவள் நடுங்கினாலோ, கால் விறைத்து நடந்தாலோ காத்திருக்காதே. சுண்ணாம்புச் சத்துக் குறைவு சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். உடனே மருத்துவரிடம் போ.

பதில்: மதுரை அக்கா

அந்த வியாபாரியைத் திருப்பி அனுப்பியது ரொம்பச் சரி. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்பது 2017 இல் வந்த மத்திய அரசு விதி. விற்பனைக்கென்று நாய் வளர்த்து இனப்பெருக்கம் செய்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே விதிதான். நாயைக் கண்மாயில் கொண்டு விடுவது 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

விலை விஷயத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். போன வருடம் எங்கள் வீட்டில் ஐந்து குட்டி. குடற்புழு மருந்து, குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற தடுப்பூசி, கேழ்வரகு, முட்டை, தயிர் எல்லாம் கூட்டினால் ஒரு குட்டிக்கு 1,700 ரூபாய் ஆனது. 2,000 ரூபாய் சொன்னேன், பெட்டைக்கும் கடுவனுக்கும் ஒரே விலை. பேப்பர் என்பது தாய் தகப்பன் யார் என்ற பதிவு. உன்னிடம் அது இல்லை, அதனால் அதற்கான விலையைக் கேட்காதே. "ஒரிஜினல்", "பியூர்" என்றெல்லாம் எழுதாதே. தாய் வீட்டில் இருக்கிறது, தகப்பன் இன்ன ஊரில் இருக்கிறது, இரண்டையும் வந்து பாருங்கள், பேப்பர் இல்லை என்று சொல். அதற்குப் பிறகும் வருகிறவர்தான் உனக்கு வேண்டிய ஆள்.

பதில்: திருமங்கலத்தான்

பெட்டைகளை இலவசமாகக் கொடுத்துவிடலாமே? காசு கேட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

பதில்: மதுரை அக்கா

தம்பி, சும்மா கிடைத்ததைச் சும்மா விட்டுவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நான் 2,000 வாங்கிக்கொண்டு, கருத்தடை செய்த ரசீதைக் காட்டினால் 1,000 திருப்பித் தருகிறேன் என்றேன். இரண்டு பேர் ரசீதோடு வந்தார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாத்தூர்ப் பொண்ணு

கரிசல்காடு அண்ணா, மூன்று நாளாகப் பார்த்தேன். சாவிக்கொத்து, விசில், எதற்கும் அசையவில்லை. ஆனால் அவள் மூக்குக்கு நேரே விரலை நீட்டியதும் உடனே எழுந்து விரலைக் கவ்வினாள். அம்மா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இறக்கவே இல்லை. இவளை யாரிடம் கொடுப்பது அண்ணா?

பதில்: கரிசல்காடு

மறைத்துக் கொடுக்காதே, காசும் வாங்காதே. சுற்றுச்சுவர் இருக்கிற வீடு, பொறுமையான ஆள் வேண்டும். காது கேட்காத நாய் கைச் சைகைக்கு நன்றாகப் பழகும். ஆனால் சங்கிலி இல்லாமல் ரோட்டில் விடவே கூடாது. வண்டிச் சத்தம் அதற்குத் தெரியாது. தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் பயந்து கடிக்கலாம், அதனால் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு யோசித்துக் கொடு. அவளுக்குக் கருத்தடை கட்டாயம். இந்த ஜோடியை மறுபடி சேர்க்கவும் வேண்டாம். மற்ற குட்டிகளை வாங்குகிறவர்களிடமும் கூடப்பிறந்தது ஒன்று செவிடு என்று சொல்லிவிடு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

வேட்டைக்கு என்று கேட்டு வருவார்கள். முயல், காட்டுப்பன்றி என்று பேச்செடுத்தாலே போகச் சொல். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம், பன்றியிடம் குடல் கிழிந்து சாவது நாய். மூன்றாவது மாடி வீட்டுக்காரருக்கும் கொடுக்காதே. ராஜபாளையம் ஓடி வளர வேண்டிய நாய், வேற்றாளை லேசில் நம்பாது. அங்கே அடைத்தால் நாளெல்லாம் குரைக்கும், ஆறு மாதத்தில் உன்னிடமே திரும்பி வரும்.

சாத்தூர்ப் பொண்ணு (62 ஆம் நாள்)

எல்லோருக்கும் தகவல் சொல்ல வந்தேன். 45 ஆம் நாளில் முதல் ஊசி போட்டோம். விலை 2,000, எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எட்டு வாரம் முடிந்த பிறகு ஐந்து குட்டிகள் போய்விட்டன, அதில் பெட்டை இரண்டு. ஊசித் தேதி, அடுத்த ஊசி எப்போது, மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று வெள்ளைத்தாளில் எழுதி, வாங்குகிறவரும் நாங்களும் கையெழுத்துப் போட்டோம். அப்பாதான் எழுதினார். ஒருவர் எதற்கு இதெல்லாம் என்று கேட்டார், அவருக்குக் கொடுக்கவில்லை.

காது கேட்காதவள் எங்களோடுதான் இருக்கிறாள். அம்மா உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காருகிறாள். வெள்ளச்சிக்குப் பால் வற்றிவிட்டது, அடுத்த மாதம் கருத்தடைக்கு அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டிருக்கிறோம். இன்னும் ஒரு பெட்டை மிச்சம், வலது காது நுனியில் லேசாகப் பழுப்பு, சாவிச் சத்தத்துக்குத் தலை திருப்புகிறாள். சாத்தூர், கோவில்பட்டி பக்கம் தோட்டம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். தாயையும் பார்த்துவிட்டுப் போகலாம்.