லயன் ஃபிஷ் இங்கே சும்மா இருக்கிறது, ஃபுளோரிடாவில் மட்டும் ஏன் தலைவலி?

ஜெலுத்தோங்காரன்:
நம்ம மலேசியாவில், பாயார் தீவில் ஸ்நோர்கல் பண்ணும்போது பாறை இடுக்கில் ஒரு லயன் ஃபிஷ் செட்டையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றது. கூட வந்த பையன் முள்ளில் விஷம், கிட்டே போகாதீங்க என்றதோடு சரி. யூடியூபில் பார்த்தால் ஃபுளோரிடாவில் இதே மீனை ஈட்டியால் குத்திக் கொல்லப் போட்டியே வைக்கிறார்கள். அங்கே அப்படி என்னதான் செய்துவிட்டது?

பாயான் லெப்பாஸ் டைவர்:
நம்ம பக்கம் அதற்குச் சொந்தக் கடல், அட்லாண்டிக் அப்படி இல்லை. ஃபுளோரிடா பக்கம் 1985இல் முதலில் கண்ணில் பட்டது, யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து விட்டதாகத்தான் சொல்கிறார்கள், 2000க்குப் பிறகு கரீபியன் முழுக்கப் பரவிவிட்டது. அங்குள்ள சின்ன மீன்களுக்கு இது தங்களைத் தின்கிற மீன் என்றே தெரியாது. இது மெதுவாகக் கிட்டே போய், செட்டையை விரித்து ஒதுக்கி, முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சும். என்னவென்று மீன் திரும்பினால் தலையோடு லபக்! தன் நீளத்தில் பாதி இருப்பதைக்கூட விழுங்கிவிடும். பஹாமாசில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சின்னச் சின்னப் பாறைத்திட்டுகளில் விட்டுப் பார்த்தார்கள். ஐந்தே வாரத்தில், லயன் ஃபிஷ் இல்லாத திட்டுகளைவிட அதை விட்ட திட்டுகளில் புதிதாக வந்து சேர்ந்த குஞ்சுகள் 79 சதவீதம் குறைவு. பாசி மேய்கிற கிளிமீன் குஞ்சையும் தின்றுவிடுகிறது, அது போனால் பவளத்தின் மேல் பாசி ஏறிவிடும்.

ஜெலுத்தோங்காரன்:
அங்கே களவா, சுறா எல்லாம் இல்லையா?

பாயான் லெப்பாஸ் டைவர்:
இருக்கு, ஆனால் பெரிய களவாவை மனுஷனே பிடித்துக் குறைத்துவிட்டான். மிச்சம் இருப்பதும் 18 விஷ முள்ளைப் பார்த்து இதை லேசில் தொடுவதில்லை. ஒரு பெண் மீன் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் முட்டை போடும். டைவர் குத்தினாலும் மேலே இருக்கிறதுதான் குறையும், 300 மீட்டர் ஆழத்திலேயும் இது இருக்கிறது. விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை, அதனால் அங்கே கடையில் சமைத்து விற்கிறார்கள்.

பட்டர்வர்த் தூண்டில்:
ஃபுளோரிடா இருக்கட்டும் தம்பிகளா, நம்ம ஆற்றுமுகத்தைப் பாருங்கள். கொடுவாவுக்குத் தூண்டில் போட்டால் திலாப்பியா வருது. ஆப்பிரிக்கா மீன் அது, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஜாவாவிலிருந்து வந்ததாம், பெரியவர்கள் மலாயில் இக்கான் ஜெப்புன், அதாவது ஜப்பான் மீன், என்பார்கள். உப்புத் தண்ணியும் தாங்கும், குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், பிறகு எப்படி அழியும்? அதுபோக வளர்த்து அலுத்துப்போன மீனையெல்லாம் புண்ணியம் என்று ஆற்றில் விடுகிற ஆட்கள் வேறு. வேண்டாம் என்றால் மீன் கடையில் திருப்பிக் கொடுங்கள், சில கடையில் வாங்கிக்கொள்வார்கள்.